பக்ஸ்டனில் அவியாத முட்டை

ரயில் ஏறப் போனவளைப் பேருந்தில் ஏற்றினார்கள். மான்செஸ்டர் நிலையத்தில் பக்ஸ்டன் ரயிலைத் தேடிக்கொண்டு நின்றபோது, ஆரஞ்சு மேற்சட்டை போட்ட ஒருவர், "தண்டவாளத்தில் வேலை நடக்கிறது. வெளியே பஸ் நிற்கும்" என்றார். வெளியே போனால் பஸ் இல்லை. என்னைப் போலவே பெட்டியும் கையுமாகப் பலர் நின்றார்கள். மலேசியாவில், எங்கள் ஈப்போவாக இருந்தால் இந்நேரம் ஒருவர் சத்தம் போட்டிருப்பார், இன்னொருவர் அவரைச் சமாதானப்படுத்தியிருப்பார், மூன்றாமவர் எல்லோருக்கும் காப்பி வாங்கக் கிளம்பியிருப்பார். இங்கே யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நவம்பர்க் குளிர் என் காலணிக்குள் புகுந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் பஸ் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி, "பக்ஸ்டனுக்கா? அங்கே எப்போதும் மழைதான். சுற்றிப் பார்க்கவா?" என்று கேட்டார்.

"இல்லை. அக்காவை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறேன்" என்றேன்.

கோயிலில் எல்லோரிடமும் இதையேதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும் அத்தனை பேரும், "நல்ல காரியம் தெரேசா" என்று தோளைத் தட்டி அனுப்பியிருந்தார்கள். இந்தப் பெண்மணி ஒரு புதினா மிட்டாயை நீட்டினார்.

எமிலி அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பத்தொன்பது வயதில் நர்ஸ் வேலை படிக்க இங்கிலாந்துக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். கணவர் பக்ஸ்டன்காரர், போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. போன குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. அதையும் ஒரு மாதம் கழித்து, தக்காளி விலை சொல்வதைப்போலத்தான் போனில் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த வயதில், அந்தக் குளிரில், தன்னந்தனியாக ஒரு மனுஷி ஏன் கிடக்க வேண்டும்? ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் என் வீட்டில் முன்னறை சும்மாத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய பிறகு, மகனும் வேலைக்கு ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டான். அறைக்கு வெள்ளையடித்தேன். புது மெத்தை போட்டேன். குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதிக்க ஆள் கூப்பிட்டேன்.

"யாருக்குக்கா இது? நீங்கதான் நல்லா நடக்கிறீங்களே லா" என்றார் பைப் வேலை செய்யும் அந்த அண்ணன்.

"எனக்கில்ல அண்ணே. எங்க அக்கா வாராங்க."

பஸ் மலையேறியது. ஒரு திருப்பத்தில் வெட்டுண்ட வெள்ளை மலை ஒன்று தெரிந்தது. அடியில் லாரிகள், மேலே புழுதி. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிம்பாங் பூலாய் கல்குவாரியைத் தூக்கிக்கொண்டு வந்து மழையில் நனைய வைத்ததைப்போல இருந்தது. என் வீட்டுப் பின்பக்கம் நிற்பதும் சுண்ணாம்புக்கல் மலைதான். இவ்வளவு தூரம் வந்து அதே கல்லைப் பார்க்கிறோமே என்று சிரிப்பு வந்தது.

அக்கா பஸ் நிறுத்தத்தில் கைத்தடியோடு நின்றார். போனில் தெரிவதைவிடச் சின்ன உருவம். "வந்துட்டியா பாப்பா? எளச்சுப் போயிட்டியே" என்றார். அவருடைய தமிழ் அவர் கப்பலேறிய வருடத்திலேயே நின்றுவிட்டது. தோட்டத்தில் செத்துப்போன கிழவிகள் பேசிய தமிழ். வார்த்தைக்கு வார்த்தை 'லா' ஒட்டும் என் மலேசியத் தமிழைக் கேட்டு அவர் முகம் சுளித்தார். "எல்லாத்துக்கும் எதுக்கு ஒரு லா?"

இரவுச் சாப்பாட்டுக்கு ஓட்ஸ் மாவில் சுட்ட ஒரு வட்டமான பண்டம் வந்தது. பார்க்கத் தோசைதான். பிய்த்து வாயில் போட்டால், சட்னி கிடைக்காத சோகத்தில் வாடிப்போன தோசை. உள்ளே பாலாடைக்கட்டியை வைத்துச் சுருட்டித் தந்தார். நான் பெட்டியிலிருந்து நெத்திலிச் சம்பல் பாட்டிலை எடுத்து ஒரு கரண்டி வைத்தேன். அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

"காரம் தாங்கலடி" என்றார். "வயிறு வெள்ளக்காரி வயிறாயிருச்சு."

மறுநாள் விடியும் முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அக்கா மாடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்து ஜன்னல் வழியாகக் குளிர் கசிந்தது. போதாததற்கு அந்த ஜன்னல் நேரே தெருவைப் பார்த்திருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் உள்ளே பார்க்கலாம். எங்கள் வரிசை வீடுகளில் முன் ஜன்னல் திரையை யாராவது திறந்து போடுவார்களா? நான் திரைகளை நன்றாக இழுத்துவிட்டு, நடுவில் துணி மாட்டும் கிளிப் இரண்டைக் குத்தி வைத்தேன். கதகதப்பாக இருந்தது. கேத்தலில் தண்ணீர் வைத்துவிட்டுக் கையோடு கொண்டுவந்த, பாலும் சர்க்கரையும் கலந்த எங்கள் ஊர் வெள்ளைக் காப்பிப் பொட்டலத்தைக் கிழித்தேன்.

நன்றாக வெளிச்சம் வந்த பிறகு வாசற்கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. இரவு உடைக்குமேல் மழைக்கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு, ஓர் ஆறடிக் கிழவர். நான் கத்திவிட்டேன்.

"எமிலி எங்கே?" என்று அவரும் கத்தினார்.

"தூங்குகிறார்!"

அவர் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரமாயிற்று. "திரை மூடியிருந்தது" என்றார். "நீ தங்கைதானே? நேற்றே சொன்னாள். மறந்தே போனேன்."

அவர் ஹாரி, எதிர் வீட்டுக்காரர். குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டு இறங்கி வந்த அக்கா விஷயத்தைச் சொன்னார். விடிந்ததும் அக்கா திரையை விலக்குவார், எதிரில் ஹாரி கையாட்டுவார். வெளிச்சம் வந்தும் திரை விலகவில்லை என்றால் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். போன குளிர்காலத்தில் குளியலறையில் கிடந்த அக்காவைக் கண்டெடுத்தவர் அவர்தான்.

"நீ எம் மானத்தை வாங்கிட்டியேடி. நைட்டு சட்டையோட தெருவுக்கு வந்துட்டாரு பாவம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா என் கிளிப்புகளைப் பிடுங்கினார். ஹாரி என் வெள்ளைக் காப்பியைக் குடித்துவிட்டு, "இதில் காப்பி எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

அடுத்து வந்த நாட்களில் ஒன்று புரிந்தது. அக்காவுக்கு என்னோடு இருக்க நேரமில்லை. ஒரு நாள் மருத்துவமனைக்குள் இருக்கும் சின்னக் கடையில் இலவச வேலை. ஒரு நாள் பாட்டுக் குழு. ஒரு நாள் நடக்க முடியாத ஒரு பெண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது. "ஊரச் சுத்திப் பாரு பாப்பா. மதியானம் வந்துர்றேன்" என்று கைத்தடியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். தெருவில் எதிர்ப்படும் எல்லோரும் "எமிலி, எமிலி" என்கிறார்கள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

நான் சுற்றிப் பார்த்தேன். பிறைநிலா வடிவத்தில் ஒரு பெரிய கட்டடம். அந்தக் காலத்தில் மூட்டுவலிக்காரப் பணக்காரர்கள் வந்து இந்த ஊர் ஊற்றுத் தண்ணீரில் குளிப்பார்களாம், குடிப்பார்களாம். இப்போது அது விலை கூடிய ஹோட்டல். பூங்காவில் ஒரு நீரோடை, வாத்துகள், ஆளில்லாத பெஞ்சுகள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டேன். ஒரு கிழவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்று பரவாயில்லை" என்றார். "ஆமாம், பரவாயில்லை" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அன்று மதியம் வரை நான் பேசிய மொத்தப் பேச்சு அதுதான். நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கடைக் கண்ணாடியில் ஒரு தடித்த கோட்டும் அதற்குள் ஒரு கறுத்த முகமும் தெரிந்தன. அது நான்தான் என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. தனியாகக் கிடக்கிறவளைக் கூட்டிப் போக வந்தவள் என்று சொல்லிக்கொண்டு, அந்த ஊரிலேயே தனியாகக் கிடந்தவள் நான்தான்.

ஆனால் ஒரு நல்லதும் நடந்தது. அந்தப் பிறைக் கட்டடத்துக்கு எதிரே சுவரில் ஒரு பித்தளைச் சிங்க முகம் இருக்கிறது. அதன் வாயிலிருந்து ஊற்றுத் தண்ணீர் இடைவிடாமல் கொட்டுகிறது. ஊர்க்காரர்கள் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துப் போகிறார்கள். பக்கத்தில் இருந்த சுற்றுலாத் தகவல் பலகையில், பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் ஊற்று என்று எழுதியிருந்தது. எனக்கு உடனே உலு சிலிம் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கத்தில் வெந்நீர் ஊற்று என்றால் உலு சிலிம்தான். யாரும் அங்கே வெறுங்கையோடு போக மாட்டார்கள். முட்டை கொண்டுபோவார்கள். கூடையில் கயிறு கட்டி, கொதிக்கிற இடமாகப் பார்த்து இறக்கிவிட்டு, காலை ஆற்றில் நனைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு உப்புத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை தோட்டத்து லாரியில் ஏறிப் போவோம். ஊற்றருகே புகைமூட்டமாக ஆவி பறக்கும். ரெட்டைச் சடை போட்ட அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கிட்ட போகாத, வெந்துருவ" என்பார். எனக்கு அக்கா என்றால் அந்தக் கைதான்.

சிங்கத்தின் முன்னால் நின்று முடிவு செய்தேன். அக்காவை இங்கே அழைத்துவர வேண்டும். முட்டை அவித்துக் கையில் கொடுத்து, அப்போது கேட்க வேண்டும். ஊருக்கு வாங்க அக்கா என்று.

வந்த நாளிலிருந்து வாய் வரை வந்து திரும்பிப் போன கேள்வி அது. மறுநாள் கடையில் அரை டஜன் முட்டை வாங்கினேன். அக்கா வீட்டில் ஆரஞ்சுப் பழம் வந்த வலைப்பை ஒன்று கிடந்தது. அதற்குள் முட்டைகளைப் போட்டு, சணல் கயிறு கட்டி, ஒரு காகிதத்தில் உப்பும் மிளகும் மடித்து எடுத்துக்கொண்டேன். "ஒரு இடத்துக்குப் போலாம் வாங்க" என்று அக்காவை இழுத்துப் போனேன்.

குழாயடியில் ஒரு பெண்மணி பெரிய பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்ததும் நான் கோட்டுக்குள்ளிருந்து வலைப்பையை எடுத்துச் சிங்கத்தின் வாயடியில் பிடித்தேன். தண்ணீர் கையில் பட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடுகூட இல்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் சூடு ஏறும் என்று மடத்தனமாக நின்றேன். கேன் பெண்மணி அக்காவிடம், "கழுவுகிறாளா?" என்று கேட்டார். "இல்லை, அவிக்கிறாள்" என்றார் அக்கா. சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கைத்தடி கீழே விழ, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேன் பெண்மணியும் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அங்கேயே ஈர பெஞ்சில் உட்கார்ந்தோம். மடியில் பச்சை முட்டைகள்.

"உலு சிலிம் ஆயர் பானாஸ்ல இப்படித்தானே அவிப்போம். மறந்துட்டீங்களா?" என்றேன்.

"எந்த ஆயர் பானாஸு?"

"சுடுதண்ணி ஊத்துக்கா. ஈஸ்டர் முடிஞ்சு லோரியில போவோமே. நீங்க எங் கையப் புடிச்சுக்கிட்டு, கிட்ட போகாதன்னு சொல்வீங்களே."

அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நான் அங்க போனதே இல்லையே பாப்பா. லோரியில கூட்டிட்டுப் போனதெல்லாம் நான் இங்க வந்தப்புறம். நீ சொல்றது கிராணி வீட்டு மேரியா இருக்கும். அவளுக்கும் ரெட்டச் சடதான்."

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை. அவருடைய மகள் மேரியை எனக்கு நினைவே இல்லை. இத்தனை வருடமாக நான் வைத்திருந்த கை யாருடையதோ. கடல் தாண்டி வந்து, அக்காவிடமே இல்லாத ஒரு ஞாபகத்தைக் காட்டி அவரைக் கூப்பிட நினைத்திருக்கிறேன்.

அக்கா என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். "ஒன்ன நான் தூக்கிட்டுப் போனது ஆயாக் கொட்டகைக்கு" என்றார். "அம்மா இருட்டோட பெரட்டுக்குப் போயிரும். வரிசையில நின்னு பேரு குடுக்கலன்னா அன்னைக்கு வேல இல்ல. நாந்தான் ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டு ஆயாகிட்ட விட்டுட்டுப் பள்ளிக்கூடம் போவேன். வழி பூரா எங் காலரச் சப்பிக்கிட்டே வருவ. வகுப்புல ஒக்காந்தா காலர் ஈரமா இருக்கும். எல்லாப் புள்ளைங்களும் சிரிக்கும்."

எனக்கு அது கொஞ்சமும் ஞாபகம் இல்லை. நான் வைத்திருந்த அக்கா அவருக்குத் தெரியாது, அவர் வைத்திருந்த பாப்பா எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"ஊருக்கு வாங்கக்கா. ரூம்பெல்லாம் ரெடியா இருக்கு. பாத்ரூம்ல கம்பிகூடப் போட்டுட்டேன். இங்க தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீங்க?"

கேன் பெண்மணி போகும்போது, "நாளை பாட்டுக் குழுவில் பார்ப்போம்" என்று கையசைத்தார். அக்காவும் கையசைத்தார்.

"நானா தனியாக் கெடக்கேன்?" என்றார் மெதுவாக. "அங்க வந்தா எனக்கு ஒன்ன விட்டா யாரத் தெரியும்? சரி, ஒனக்கு யாரு இருக்கா? மவன் எப்பக் கூப்புடுறான்?"

"ஞாயித்துக்கெழம."

"திங்கக்கெழம நீ விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்கென்ன லா, நல்லாத்தானே இருக்கேன்."

"நானும் விழுற வரைக்கும் அதைத்தான் சொன்னேன்." என் கையைப் பிடித்தார். தோல் காய்ந்த, சில்லென்ற கை. "பாப்பா, எனக்குத் தொண வேணும்னு நீ வரல. ஒனக்கு வேணும்னு வந்திருக்க. அத நேராவே கேட்டிருக்கலாமேடி."

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு அழுகை வந்துவிட்டது. அந்தப் பணக்கார ஹோட்டலுக்கு எதிரே, வலைப்பை முட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அறுபத்திரண்டு வயதுப் பொம்பளை தேம்பித் தேம்பி அழுதேன். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். மூன்று படுக்கையறை வீட்டில் டிவியை ஓடவிட்டுத் தூங்குகிறவள் நான்.

"நீ இங்க இருந்துக்கிறியா?" என்றார் அக்கா. கேட்கும்போதே இருவருக்கும் தெரியும். விசா விடாது. விட்டாலும் என் முட்டி இந்தக் குளிரைத் தாங்காது.

முட்டைகளை அக்கா வீட்டு அடுப்பில் குழாய்த் தண்ணீரில் அவித்தோம். ஹாரியும் வந்து ஒன்று சாப்பிட்டார். நான் முட்டையோடு ஊற்றுக்குப் போன கதை அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

கிளம்பிய நாளில் ரயில் ஓடியது. ஹாரிதான் காரில் கொண்டுபோய் விட்டார். அக்கா ஒரு பிஸ்கட் டின்னைப் பையில் திணித்து, "ஊர்ல யாருக்காவது குடு" என்றார். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "போயிட்டு வாரேன்கா" என்றேன். இருவரும் இனி நேரில் பார்ப்போமா என்பது சந்தேகம்தான். ரயில் நகர்ந்தபோது அவர் கைத்தடியை உயர்த்திக் காட்டினார். வளைவு வரை எனக்குத் தெரிந்தது. வரும்போது சிரிப்பு மூட்டிய அந்த வெள்ளை மலை ஜன்னலில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குனோங் ராபாட் வீட்டைத் திறந்ததும் சுவருக்கு அடித்த புதுச் சாயத்தின் வாடை அப்படியே இருந்தது. முன்னறை மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கோயிலில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே மறுநாள் காலை குளித்தேன். சோப்புத் தண்ணீர் தரையில் ஓடியது. திரும்பும்போது கால் வழுக்கியது.

கை தானாகப் போய்க் கம்பியைப் பிடித்தது. அக்காவுக்காகப் பதித்த கம்பி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று செவ்வாய்க்கிழமை. மகன் கூப்பிட இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

துணி மாற்றிக்கொண்டு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு சீன அம்மா இருக்கிறார். பல வருடமாக எதிரெதிரே இருக்கிறோம். பார்த்தால் தலையசைப்பு, சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு, கிறிஸ்துமஸுக்கு முறுக்கு, அதற்கு மேல் பேச்சில்லை. "ஆன்ட்டி" என்று கூப்பிடுவதால் பெயர்கூடத் தெரியாது. வாசலில் சிவப்புச் சாமி மாடத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

கேட்க வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரிந்த கடைத்தெருப் பாசார் மலாயில் கேட்டேன். "ஆன்ட்டி, இனிமேல் தினமும் காலையில் என் ஜன்னல் திரையைத் திறப்பேன். திறக்காவிட்டால் வந்து பார்க்கிறீர்களா?"

அவர் டின்னை வாங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரும் மலாயில் பொரிந்து தள்ளினார்.

"எங்கே போனாய்? ஒரு வார்த்தை சொல்ல மாட்டாயா? உன் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது, விளக்கு எரியவில்லை. தினமும் வந்து உன் கேட்டைத் தட்டினேன். ரொட்டி விற்க வருகிறவனிடம் கேட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. நீ உள்ளே செத்துக் கிடக்கிறாய் என்று நினைத்தேன்!"

நான் டின்னை நீட்டியபடியே நின்றேன். அவர் அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் திரையை விலக்கினேன். எதிர் வீட்டு வாசலில் ஆன்ட்டி ஊதுபத்தியோடு நின்றார். கோபம் இன்னும் தீரவில்லை போலும், கையாட்டவில்லை. என் ஜன்னலை ஒரு முறை பார்த்துவிட்டு, மாடத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட ஆரம்பித்தார்.